மூன்றாம் மாடிக்கு வந்த சாம்பற்கால் கானாங்கோழி

இக்கட்டுரையை எழுதவேண்டிய கட்டாயம் ஒரு குரல்பதிவினால் நேர்ந்தது. ஐதராபாத்தில் வாழும் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சென்ற ஆண்டு மழைக்காலம் முதல் அது சுற்றி வருகிறது. மழை தொடங்கும் நாள்களில் வீடுகளுக்குள் வந்து விழும் செந்நிறக் கோழி போன்ற பறவை எது, அதை எங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்று ஒரு முதியவர் அதில் தூய தமிழில் நிறுத்தி நிதானமாக விளக்குகிறார். 'ஐயமின்றி அறியலாம்' என்று அழுத்திச் சொல்கிறார். அக்குரல் என்னுடையது. அதில் சொல்லப்படும் செய்தி பிழையானது. அதை நம்பி நடந்தால் அரியதொரு காட்டுப்பறவை சாகும். ஒன்று ஏற்கெனவே செத்துவிட்டது.

இப்போது மறுபடியும் வானம் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. சென்ற வாரம் இந்நகரின் உப்பல் பகுதியில் வாழும் அன்பர் ஒருவர் அப்பதிவை எனக்கே அனுப்பி, 'மிகவும் பயனுள்ளது, அனைவருக்கும் பகிர்க' என்று குறிப்பும் சேர்த்திருந்தார். குரல் யாருடையது என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் நன்றி தெரிவித்துவிட்டுத் திறன்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அந்நன்றிக்கும் சேர்த்தே இப்போது வெட்கப்படுகிறேன்.

நடுவணரசின் பாதுகாப்புத்துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் உலோகங்களின் வலிமையைச் சோதிக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். ஹப்சிகுடாவில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் நானும் என் மனைவியும் வாழ்கிறோம். தகடு ஒன்றை இழுத்து, வளைத்து, இறுதியில் முறித்துப் பார்த்த பின்பே அதன் வலிமையைப் பற்றி ஒரு வரி எழுதுவது என் தொழிலின் ஒழுக்கம். நிழற்படத்தைப் பார்த்து எந்தத் தகட்டுக்கும் நான் சான்று கொடுத்ததில்லை.

பறவைகளை நோக்கும் பழக்கம் நடுவயதில் என்னைப் பற்றிக்கொண்டது. பறவைகளைக் காட்டிலும் அவற்றின் தமிழ்ப் பெயர்கள் என்னை ஈர்த்தன என்று சொல்வதே நேர்மை. இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை இதுபற்றிப் பேசச் சொல்வார்கள். அதனால் எனக்குப் 'பறவை ஐயா' என்ற பெயர் வாய்த்தது. மாதாப்பூரில் கணினிப் பணி செய்யும் இளையோர் தங்கள் சன்னலில் வந்தமர்ந்த எதையேனும் படமெடுத்து அனுப்புவார்கள். நான் அமர்ந்த இடத்தில் இருந்தபடியே பெயர் சொல்லிவிடுவேன். சட்டென்று பெயர் சொல்வதில் ஒரு சுவை உண்டு. அச்சுவைக்கு நான் முற்றிலும் வசப்பட்டிருந்தேன்.

பறவையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெண்மார்புக் கானாங்கோழியை அனைவரும் குளக்கரைகளில் பார்த்திருப்பீர்கள். கரும்பழுப்பு முதுகும் வெள்ளை மார்பும் கொண்டு, குட்டை வாலை ஆட்டி ஆட்டி நடப்பது. அதன் உறவினங்கள் பெரும்பாலும் நீரையும் நாணலையும் விட்டு அகலாதவை. ஆனால் அக்குடும்பத்தில் ஒன்று மட்டும் மரங்கள் அடர்ந்த மழைக்காட்டுக்குள் சென்று, ஈரச்சருகின்மேல் வாழப் பழகியிருக்கிறது. அதன் பெயர் சாம்பற்கால் கானாங்கோழி. சருகைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்னும். அந்தியிலும் விடியலிலும் மட்டுமே சற்று வெளிப்படும். அச்சுறுத்தினால் ஓடும், வேறு வழியில்லை என்றால்தான் பறந்து கிளையேறும். அரிதினும் அரிதாகவே கண்ணில் படுவது. இத்தனை கூச்சமுள்ள பறவை பருவம் மாறும்போது இருளில் நெடுந்தொலைவு பறந்து இடம்பெயர்கிறது என்பதுதான் வியப்பு. அவ்வாறு பறக்கையில் மழையிலும் நகரத்து விளக்கொளியிலும் திகைத்துக் களைத்துச் சில வேளைகளில் வீடுகளுக்குள் விழுந்துவிடும்.

இதைக் காண்பதற்காகவே பல ஆண்டுகளுக்கு முன்பு மனைவியையும் அழைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு ஒன்றுக்குப் போனேன். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் உப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு, மழை சொட்டச் சொட்ட ஒரே இடத்தில் நின்றோம். ஒரு மாலையில் சருகு அசைந்தது. பழுப்பாக ஏதோ ஒன்று ஓடியது. அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில் மனைவி கேட்டாள்: "சருகு அசையதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்? நம்ம மொட்டமாடியில துணி காயப்போட்டாலும்தான் அசையுது." அன்று அந்தக் கேலியை நான் இரசித்தேன்.

இனி அந்த நாள். ஆனி மாதத்தில் என் தந்தையாரின் திதி. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். திதியன்று காலையில் தலைமுழுகி, பட்டினி இருந்து, படையலிட்டு, மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வைத்து, காக்கை எடுத்த பின்பே உண்போம். அதுவரை வேறு வீடுகளுக்குள் நுழைவதில்லை. மீனும் இறைச்சியும் சமைக்கும் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். இவ்வழக்கத்தை நகரம் மாறியும் நான் விடவில்லை. விடாததில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எங்களுக்கு நேர்மேலே மூன்றாம் மாடியில் தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் குடியிருக்கிறார். கிறித்தவர். மாதாப்பூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணி. கணவர் கப்பலில் வேலை பார்ப்பதால் ஆண்டில் பாதி நாள் தனியே இருப்பார். அவருடைய பேச்சில் எங்கள் பக்கத்துச் சாயல் இருப்பதால் என் மனைவிக்கு அவரிடம் தனி அன்பு. முந்தைய மாலை பெய்த முதல் பெருமழையின்போது அவர் வீட்டுப் பின்புறத்தில் துணி துவைக்கும் இடத்துக்குள் ஒரு பறவை வந்து விழுந்திருக்கிறது. காலையில் எங்கள் கதவைத் தட்டினார். நான் உள்ளே படையலுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்தது.

"சார் இருக்காங்களா ஆன்ட்டி? எங்க வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கு. பேரு சொல்லமாட்டேங்குது."

"யாருளா அது?"

"பறவ. கோழி மாதிரி, ஆனா கோழி இல்ல. கோழியா இருந்தா இந்நேரம் கொழம்பாயிருக்கும்."

"ஏட்டி, இன்னைக்குப் போயி அதச் சொல்லாத. அவுகளுக்கு அவுக அப்பா தெவசம். காக்கா எடுக்கதுவரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது."

"ஐயோ, தெரியாது ஆன்ட்டி. சரி, சாரு முடிச்சிட்டு வரட்டும். நடுங்கிட்டு இருந்திச்சி ராத்திரி. இப்போ பரவால்ல. இது பொழைக்கணும் ஆன்ட்டி, எனக்கு அதான். நம்மள நம்பி வீட்டுக்குள்ள வந்திருச்சில்லா."

அவர் விரும்பியது அது ஒன்றுதான். அதை அப்போதே என் காதால் கேட்டேன்.

சற்று நேரத்தில் சோற்றை இலையில் வைத்து எடுத்துக்கொண்டு படியேறினேன். மொட்டை மாடிக்குப் போக மூன்றாம் மாடியைக் கடந்தாக வேண்டும். அவர் தம் வாசலில் நின்றிருந்தார். கதவு திறந்திருந்தது.

"சார், உள்ளதான் இருக்கு. ஒரு எட்டு பாத்திட்டுப் போயிருங்க. ஆன்ட்டி சொன்னாங்க, இன்னைக்கு தெவசம்னு. அதான் நான் அடுப்பே பத்த வைக்கல. மீனு ஃப்ரிட்ஜுக்குள்ளதான் கெடக்கு. வாடையே இருக்காது சார்."

எனக்காக ஒருவர் தம் வீட்டில் உலையேற்றாமல் காத்திருந்தார். நான் வாசலுக்கு இப்பால் நின்றபடி, "படம் ஒண்ணு எடுத்து அனுப்பும்மா, போதும்" என்றேன்.

"நேர்ல பாத்தா நல்லாத் தெரியுமே சார்."

"படத்துலயே தெரிஞ்சிரும்."

அவர் என் கையிலிருந்த இலையைப் பார்த்தார். பிறகு, "சரி சார்" என்று உள்ளே போனார்.

மாடியில் கைப்பிடிச் சுவர்மேல் இலையை வைத்துவிட்டுக் காக்கைகளை அழைத்தேன். மழை ஓய்ந்த காலையில் அவை எங்கோ போயிருந்தன. அழைத்துக்கொண்டிருக்கும்போதே படம் வந்தது. சிவப்பு நெகிழித் தொட்டி ஒன்றுக்குள், மடித்த துண்டின்மேல், செம்பழுப்புத் தலையோடு ஒரு கானாங்கோழி நின்றிருந்தது. மேலிருந்து மஞ்சள் விளக்கின் ஒளி. வயிறு நிழலுக்குள் மறைந்திருந்தது. கால்கள் சிவப்பாகத் தெரிந்தன.

சிவந்த கால் என்றால் அது செம்மார்புக் கானாங்கோழி. சதுப்பிலும் நாணலிலும் வாழ்வது. நம் ஏரிகளில் தேடினால் கிடைக்கக்கூடியது. அந்தப் படத்தில் தொட்டி சிவப்பு, அத்தொட்டியின் நிறம் விளக்கொளி பட்டுத் தெறித்து அதற்குள் இருந்த எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. துண்டின் ஓரமும் சிவந்தே இருந்தது. அதையும் கண்டேன். கண்டும் அதை ஒரு தடையாக நான் கருதவில்லை. ஒரு மாடி இறங்கி, பத்தடி உள்ளே நடந்தால் தீரக்கூடிய ஐயம் அது. ஐயம் எழுந்தால் உள்ளே போகவேண்டி வரும். ஆகவே ஐயம் எழவில்லை. என் மனம் இவ்வாறுதான் வேலை செய்தது என்பதை இத்தனை நாள் எண்ணிப் பார்த்த பிறகே சொல்கிறேன்.

காக்கை இன்னும் வராத அந்த இடைவெளியில்தான் குரல்பதிவைச் செய்தேன். சங்கத்துக் குழுவுக்குப் படத்தையும் அனுப்பி, இது செம்மார்புக் கானாங்கோழி, செங்கால்களால் ஐயமின்றி அறியலாம், நீர்ப்பறவையாதலால் காலந்தாழ்த்தாமல் அருகிலுள்ள ஏரிக்கரையில் விட்டுவிடுக, இவ்வாறு விழும் செந்நிறக் கானாங்கோழிகள் அனைத்துக்கும் இதுவே முறை என்று விரித்துரைத்தேன். பதிவின் இறுதியில் காக்கைகள் வந்துவிட்டன. அவற்றின் கரைதலை இப்போதும் அதில் கேட்கலாம். 'பின்னணியில் பறவையொலி மிக அருமை, ஐயா' என்று ஒருவர் உடனே பாராட்டினார்.

இறங்கும்போது அப்பெண்ணின் வாசலில் மறுபடி நின்றேன். பெயரைச் சொன்னேன். உப்பலில் உள்ள ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் விடச் சொன்னேன்.

"கால் செவப்பு இல்லியே சார்," என்றார் அவர். "சிலேட்டுக் கலர்ல இருக்கு. நான் கையில எடுத்துப் பாத்தேன்."

"ஈரத்துல அப்படித் தோணும்."

"ராத்திரியே தொடச்சி விட்டுட்டேன் சார். காஞ்சுதான் இருக்கு."

"வெளிச்சம் பத்தாமத் தெரியுதும்மா. படத்துல தெளிவா செவப்பு இருக்கே."

"படம் நான் எடுத்ததுதானே சார்" என்று சொல்லி அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மரியாதை இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

"சாயந்தரம் வெயில் தாழ்ந்தப்புறம் விடலாமா? மத்தியானம் ஆபீஸ்ல ஒரு மீட்டிங் இருக்கு, முடிச்சிட்டு வந்து..."

"நீர்ப்பறவ. அடைச்சு வச்சா தாங்காது. இப்பவே விடுறதுதான் நல்லது."

அவர் விடுப்பெடுத்துக்கொண்டு அட்டைப் பெட்டியில் அதை வைத்து ஆட்டோவில் புறப்பட்டார். நான் வீட்டுக்கு வந்து, திதிச் சோறு உண்டு, சற்றுக் கண்ணயர்ந்தேன். நல்ல உறக்கம்.

பிற்பகலில் கதவு தட்டப்பட்டது. மனைவி திறந்தாள். வந்தவர் மூன்றாம் மாடிப் பெண். நான் எழுந்து வந்தபோது அவர் படிக்கட்டு ஓரத்தில் நின்றிருந்தார். துப்பட்டாவில் எதையோ பொதிந்து இரு கைகளிலும் ஏந்தியிருந்தார்.

"தண்ணியப் பாக்கவே இல்ல சார்," என்றார். குரல் உயரவில்லை. "ஆட்டோக்காரரு வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தாரு, க்யா மேடம், முர்கீ ஹை க்யான்னு, கோழியான்னு. ஹவ், ஜங்கல்கீ முர்கீ, ஆமா காட்டுக்கோழிதான்னேன் சும்மா வெளையாட்டா. கரையில பெட்டியத் தொறந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சி. நாணல் எதிர்க்கதான் இருக்கு. அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. ரோட்டுக்கு அங்கிட்டு வரிசையா மரம் நிக்கில்லா, அதப் பாத்துச்சி. அதப் பாத்தே ஓடுச்சி. பைக்கு வந்திச்சி."

நான் வாசலைத் தாண்டி ஓரடி வெளியே வந்தேன்.

"இப்பப் பாக்கலாமா சார்? இல்ல, இதுக்கும் படம் எடுத்து அனுப்பவா?"

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. அவர் துணியை விலக்கினார்.

மைனாவைவிடச் சற்றே பெரிய உடல். தலையும் கழுத்தும் மார்பும் காய்ந்த செங்கல்லைத் தேய்த்தாற்போன்ற செம்பழுப்பு. மோவாயும் தொண்டையும் வெண்மை. முதுகு, பாசி படிந்த மண்ணின் நிறம். மார்பின் செம்மை முடியும் இடத்தில் தொடங்கி வாலின் அடிப்புறம் வரை கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்குப் பட்டைகள். அகலமும் தெளிவும் உடையவை. கண்ணில் அப்போதும் சிவப்பு எஞ்சியிருந்தது. கால்கள் சிலேட்டுப் பலகையின் நிறம். அவர் சொன்ன அதே சொல். எந்த ஒளியில் பார்த்தாலும் அவை சிவப்பல்ல.

மழைக்காட்டில் நின்றும் நான் காணத் தவறிய பறவை அது. அந்தக் கணத்தில் என் நெஞ்சில் முதலில் தோன்றியது துயரமன்று, களிப்பு. சாம்பற்கால், சாம்பற்கால் என்று உள்ளம் துள்ளியது. முகத்தில் அது வெளிப்பட்டிருக்க வேண்டும்.

"சந்தோஷமா சார்?" என்று கேட்டார் அவர்.

இது மிக அரியது, இதன் பெயர் இன்னது, இது ஏரிக்குரியதன்று என்று ஏதோ முணுமுணுத்தேன். அப்போதும் பெயரைத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு துணியை மூடிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். மதிலோரத்துப் புங்கமரத்தடியில் தாமே குழி தோண்டிப் புதைத்தார் என்று பின்னர் அறிந்தேன். நான் உடன் போகவில்லை. இறந்த உயிரைத் தொடும் தொலைவில் நின்றுவிட்டேன் என்பதற்காக அன்று மறுபடியும் குளித்தேன். மனைவி வெந்நீர் போட்டுத் தரவில்லை. "பச்சத்தண்ணியில குளிங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள்.

அன்றே குழுவில் திருத்தம் எழுதியிருக்க வேண்டும். எழுதினேன், ஆனால் எப்படி எழுதினேன் என்பதையும் சொல்லவேண்டும். 'மேற்காண் பறவை சாம்பற்கால் கானாங்கோழியாகவும் இருக்கலாம் என ஓர் ஐயம்' என்று ஒற்றை வரி. பறவை இறந்ததை எழுதவில்லை. அவர் கால் நிறத்தை எனக்கு முன்பே சொன்னதையும் எழுதவில்லை. அதற்குள் குரல்பதிவு பல குழுக்களுக்குச் சென்றுவிட்டது. குரல் மட்டும் ஊரெங்கும் திரிந்தது; அந்த வரி எங்களுடைய குழுவிலேயே பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்தது. அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வாய்ஸ் மெசேஜ் எங்க தாம்பரம் குரூப் வரைக்கும் போயிருக்கு ஐயா" என்றார். நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

ஓர் ஆண்டு இப்படியே கழிந்தது. மூன்றாம் மாடிப் பெண் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வார். என் மனைவியிடம் முன்போலவே பழகுகிறார். என்னிடம் எந்தப் பறவையைப் பற்றியும் கேட்பதில்லை. சென்ற மாதம் அவர் சன்னலில் தையற்சிட்டு கூடு கட்டியிருந்ததாம். எனக்கு அது மனைவி சொல்லித்தான் தெரியும்.

"ஒங்ககிட்ட ஏன் சொல்லலன்னு கேக்கீயளா?" என்றாள் மனைவி. "கேக்காதீங்க."

உப்பல் அன்பர் பதிவை அனுப்பிய பிறகு, இனி ஒற்றை வரியால் தப்பிக்க முடியாது என்று கண்டு இதை எழுதத் தொடங்கினேன். மூன்றாம் மாடிப் பெண்ணைக் கேளாமல் அவரைப் பற்றி எழுதுவது முறையன்று. எழுதியதை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவைத் திறந்தவர் ஒரு கணம் தயங்கினார்.

"நெத்திலி பொரிச்சிட்டு இருக்கேன் சார். வாடை அடிக்கும்."

"இருக்கட்டும்மா."

உள்ளே போய் அமர்ந்தேன். எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. எனக்குக் குமட்டவில்லை என்று எழுதினால் அது பொய். அமர்ந்தே இருந்தேன். அவர் அடுப்பைத் தணிக்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்று நான் படித்ததைக் கேட்டார். இடையில் ஒருமுறை போய் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தார்.

முதல் வரைவில் நான் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: 'அதன் தன்மையை அறியாமல் ஏரிக்கரையில் விடச் சொன்னேன்.' அந்த இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அறியாம இல்லியே சார். கால் சிலேட்டுக் கலர்னு நான்தான் சொன்னேனே."

அவ்வாக்கியத்தை அடித்தேன்.

இன்னோரிடத்தில், களைத்து விழுந்த பறவை எப்படியும் பிழைத்திருக்குமா என்பது உறுதியில்லை என்றொரு வரி இருந்தது. அதற்கும் அவர் இசையவில்லை. "அது சாகக் கெடந்த பறவ இல்ல சார். காலையில நல்லா நின்னுச்சி. நான் கிட்டப் போனா என்னைய மொறச்சிச்சி. ரெண்டு மண்புழு தின்னுச்சி. அத எழுதுங்க."

எழுதினேன். அப்பறவை நலமாக இருந்தது. மாலை வரை இருட்டில் அமைதியாக வைத்திருந்து, மரநிழலில் விட்டிருந்தால் பிழைத்திருக்கும். அவர் சொன்னதும் ஏறக்குறைய அதுவே.

"இப்பவாவது அந்த வாய்ஸ நிறுத்துங்க சார்," என்றார். "வேற யாராச்சும் ஒருத்தர் வீட்ல விழும்." என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீன் தட்டை எடுத்துக்கொண்டு அவர் சாப்பிட அமர்ந்தபோது எழுந்து வந்தேன்.

ஆகவே, வரும் மழையில் உங்கள் வீட்டுப் படிக்கட்டிலோ வாகனம் நிறுத்தும் இடத்திலோ செம்பழுப்புத் தலையுடைய கோழி போன்ற சிறு பறவை விழுந்து கிடந்தால், என் குரலைக் கேளாதீர்கள். கண்ணால் பாருங்கள். பகலொளியில், வெள்ளைத் துணிமேல் வைத்துப் பாருங்கள். வண்ணத் தொட்டிகளில் வைக்காதீர்கள். முதலில் கால். சிலேட்டு நிறமோ பசுமை கலந்த சாம்பல் நிறமோ என்றால் அது காட்டுக்குரியது. பின்பு வயிறு. கறுப்பு வெள்ளைப் பட்டைகள் மார்புக்குக் கீழிருந்தே தொடங்கி அகலமாக இருந்தால் ஐயம் தீர்ந்தது. சதுப்பில் வாழும் செம்மார்புக் கானாங்கோழி இதைவிடச் சிறியது. கால்கள் உண்மையாகவே சிவந்திருக்கும். பட்டைகள் பின்புறத்தில் மட்டும் மங்கலாகத் தெரியும். இளம்பறவையாக இருந்தால் தலையின் செம்மை தோன்றாமல் வெறும் பழுப்பாக இருக்கக்கூடும். ஆகவே தலையின் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். வெண்மார்புக் கானாங்கோழியின் குஞ்சு கருமையான தூவியால் மூடப்பட்டிருக்கும். அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை.

அறிந்தபின் காற்றுத்துளையுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வாயைத் திறந்து ஊட்டவேண்டாம். காயம் இருந்தால் வனத்துறையின் மீட்புக் குழுவை அழையுங்கள். காயமில்லை என்றால் வெயில் சாய்ந்த பிறகு, சாலையிலிருந்து விலகிய இடத்தில், மரங்கள் நெருங்கிச் சருகு கனமாக விழுந்து கிடக்கும் நிலத்தில் விடுங்கள். நம் பகுதியின் பழைய கல்வி வளாகங்களில் அத்தகைய இடங்கள் இன்னும் உண்டு. அதைக் கண்டெடுத்தவர் ஏதேனும் சொன்னால் அதைக் கேளுங்கள். அவர் கையில்தான் பறவை இருக்கிறது.

என் குரல்பதிவு உங்களிடம் வந்தால் அழித்துவிடுங்கள். அனுப்பியவருக்கு இக்கட்டுரையை அனுப்புங்கள். நான் இப்பறவையை ஒரே ஒருமுறைதான், அதுவும் உயிரற்ற நிலையில், கண்டிருக்கிறேன். மற்றவை நூல்களில் படித்தும் பிறரைக் கேட்டும் எழுதியவை. இளம்பறவையின் கால் நிறம் குறித்தும், அது நம் நகரைக் கடந்துபோகும் பருவம் குறித்தும் எனக்கு உறுதியான அறிவு இல்லை. உயிரோடு இதை நேரில் பார்த்தவர்கள் இக்கட்டுரையில் பிழை காணின், என் வயதையும் தமிழையும் பொருட்படுத்தாமல் திருத்தித் தருமாறு வேண்டிக்கொள்கிறேன்.